புதுப்பிப்பு: ஏர்பிரஷ் முகவர்ணம் தெறித்த பிரச்சினை தீர்ந்தது

பிள்ளைகள் முகத்தில் ஏர்பிரஷால் (காற்றழுத்தத்தில் வர்ணம் தெளிக்கும் கருவி) புலி வேஷம் போடும்போது வர்ணம் புள்ளி புள்ளியாகத் தெறிக்கிறது, வியர்வையில் வழிகிறது என்று போன வாரம் கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லாருக்கும் மனமார்ந்த நன்றி.

நேற்று தண்டையார்பேட்டையில் பிறந்தநாள் விழா, 22 பிள்ளைகள். "கம்ப்ரஸரை (காற்றழுத்தம் தரும் இயந்திரம்) மாற்றாதீங்க, ஊசி முனையைப் பாருங்க" என்ற யோசனைதான் பலித்தது. ஊசி முனை இருக்கும் 0.3 மி.மீ. நாசிலில் (வர்ணம் வெளிவரும் சிறு துளை) வர்ணம் காய்ந்து அடைத்திருந்தது. கழற்றிக் கழுவினேன். அப்புறம் ஒவ்வொரு பிள்ளைக்குப் பிறகும் கருவியில் தண்ணீர் விட்டு ஒருமுறை அடித்தேன், தெறிப்பே இல்லை.

எதிர்பாராதது மின்விசிறி. புழுக்கத்துக்காக என் பக்கம் திருப்பியிருந்த காற்றுதான் முனையைச் சீக்கிரம் உலர்த்தியிருக்கிறது. விசிறியைப் பிள்ளைகள் வரிசையில் நிற்கும் பக்கம் திருப்பினேன், அவர்களுக்கும் வியர்வை குறைந்தது. மெல்லிய பூச்சு, மேலே பவுடர் போட்டதும் வழிவதும் பெரும்பாலும் நின்றது. கண்ணோரம் மட்டும் ஏர்பிரஷ் வேண்டாம், தூரிகைதான் பத்திரம்.