ஏலச் செய்திகளை ரெஜெக்ஸ் கொண்டு சீர்செய்யும்போது தமிழ்ச் சொற்கள் நடுவில் உடைகின்றன

கேள்வி: தங்கச்சிமடத்துக்காரன்

அண்ணன்மாருக்கும் அக்காமாருக்கும் வணக்கம். பாம்பன், மண்டபம், தொண்டி ஆகிய கரைகளில் அன்றாடம் ஏலம் போகும் மீனின் விலையை எங்கள் வாட்ஸ்அப் குழுவில் பதிவிடுகிறார்கள். அந்தச் செய்திகளை ஒரே கோப்பாக எடுத்து, மீன், எடை, விலை என்று பிரித்து அட்டவணையாக்க முயல்கிறேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு 61 நாள் தடை இருக்கும்போது நாட்டுப்படகு மீனுக்கு விலை எவ்வளவு ஏறுகிறது என்பதைப் பார்ப்பதே நோக்கம். செய்திகள் இப்படி வருகின்றன:

காரல் 35 கிலோ ரூ.2,450/-
வெளவால்-௧௨ கிலோ ₹ 7,200
ராமேஸ்வரத்தில் நகரை 8கிலோ ரூ 2400

பைத்தான் நிரல்மொழியின் ரெஜெக்ஸில் (எழுத்து வடிவங்களைக் குறிகளால் சொல்லி உரையைத் தேடும் முறை) சொல்லெழுத்தைக் குறிக்கும் 'டபிள்யூ' குறியைக் கொடுத்துப் பிரித்தால் 'காரல்' என்பது 'க', 'ரல' என இரண்டாகிறது. 'மீன்' என்பது 'ம', 'ன' ஆகிறது. சொல்லெல்லைக்கான 'பி' குறியை இருபுறமும் வைத்து 'மீன்' என்று தேடினால், தனியாக நிற்கும் 'மீன்' ஒன்றுகூட அகப்படவில்லை. இது போதாதென்று, திரையில் ஒன்றுபோலவே தெரியும் 'கொடுவா' அட்டவணையில் இரண்டு தனி மீன்களாக நிற்கிறது. எதை முதலில் சரிசெய்ய வேண்டும்?

பதில்: வடகடல்_மண்டபம்

தம்பி, மூன்று சிக்கலுக்கும் வேர் ஒன்றுதான். 'மீ' நமக்கு ஓரெழுத்து. எழுத்துகளுக்குக் கணினியில் எண் கொடுக்கும் யூனிகோடில் அது ம, ீ என்ற இரண்டு குறியெண்கள். பைத்தானோடு வரும் ரெஜெக்ஸ் தொகுதி ம என்பதை எழுத்தாகவும், ஈகாரக் குறியையும் புள்ளியையும் எழுத்தல்லாதவையாகவும் கொள்கிறது. அதனால்தான் சொல் நடுவிலேயே எல்லை விழுகிறது. 'மீன்' முடியும் இடத்திலோ, புள்ளியும் அடுத்து வரும் இடைவெளியும் இரண்டுமே எழுத்தல்ல என்பதால், எல்லையே விழுவதில்லை. கணினியியலாளர் கென் தாம்ப்சன் 1968-இல் ரெஜெக்ஸ் முறையை உரைத்தேடலுக்குக் கொண்டுவந்த காலத்தில், ஒரு குறி ஓரெழுத்து என்ற கணக்கு ஆங்கிலத்துக்குப் பொருத்தமாக இருந்தது. தமிழுக்கு அந்தக் கணக்கை நாம்தான் எழுதிக் கொடுக்க வேண்டும்.

தமிழ்ச் சொல்லுக்கு இந்த வீச்சைப் பயன்படுத்துங்கள்:

[ஃ-ௗ]+

ஆய்தம் தொடங்கி உயிர், மெய், உயிர்க்குறிகள், புள்ளி யாவும் இதற்குள் அடங்கும்; தமிழ் இலக்கங்கள் இதற்கு அப்பால் இருப்பதால் '௧௨' சொல்லோடு ஒட்டாது. எல்லைக்குறிக்குப் பதிலாக முன்னும் பின்னும் தமிழெழுத்து இல்லை என்று நேராகவே சொல்லிவிடலாம்:

(?<![ஃ-ௗ])காரல்(?![ஃ-ௗ])

ஆனால் இதற்கெல்லாம் முன்பாக இயல்பாக்கத்தை, அதாவது ஒரே எழுத்தின் வேறு வேறு பதிவுகளை ஒரே வடிவாக்குவதை, முடித்துவிடுங்கள். 'கொ' என்பதை க, ொ என்றும் எழுதலாம். க, ெ, ா என்று மூன்றாகவும் எழுதலாம். உங்கள் கொடுவா இரண்டானதற்கு இதுவே காரணமாக இருக்கும். பைத்தானின் யூனிகோட்டேட்டா தொகுதியில் என்எஃப்சி என்ற சேர்ப்பு வடிவத்துக்கு மாற்றினால் இரண்டும் ஒன்றாகிவிடும். அப்படியும் ஒன்றாகாவிட்டால், அகலமில்லா இடைவெளி ஏதேனும் உள்ளே ஒளிந்திருக்கிறதா என்று பாருங்கள். இணையப் பக்கங்களிலிருந்து நகலெடுத்த செய்திகளில் அது அடிக்கடி வரும். வெற்றிடத்துக்கான வழக்கமான 'எஸ்' குறி அதைப் பிடிக்காது என்பதால், அதன் குறியெண்ணைத் தனியே கொடுத்து நீக்க வேண்டும்.

விலைக்கு இது போதும்:

(?:ரூ\.?|₹|௹) *([0-9௦-௯,]+)

காற்புள்ளியை நீக்கிவிட்டு எண்ணாக மாற்றுங்கள். '௧௨' என்பதைப் பைத்தான் தானாகவே 12 என்று படித்துக்கொள்ளும்.

பதில்: தொண்டிக்கரை

மேலே அண்ணன் சொன்னவற்றோடு ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன், ஏனெனில் உங்கள் இரண்டாவது மாதிரியில் அந்த வம்பு இருக்கிறது. அங்கே 'வௌவால்' என்பதில் ஔகாரக் குறிக்குப் பதிலாக ஒற்றைக்கொம்பும் ளகரமும் தட்டச்சாகியுள்ளன. இவை வேறு வேறு எழுத்துகள் என்பதால் இயல்பாக்கம் இதைத் தொடாது. 'ெள' வரும் இடமெல்லாம் 'ௌ' போட்டுவிடலாம் என்று தோன்றும்; தயவுசெய்து அப்படிச் செய்துவிடாதீர்கள். 'கெளுத்தி'யில் இருப்பது உண்மையான ளகரம். கண்ணை மூடிக்கொண்டு மாற்றினால் ஔகாரக் குறியின் மேல் உகரக் குறி ஏறி, எந்த அகராதியிலும் இல்லாத ஒன்றாக அது சிதைந்துவிடும். ளகரத்துக்குப் பின் உயிர்க்குறியோ புள்ளியோ இல்லாத இடத்தில் மட்டும் மாற்றுங்கள்:

ெள(?![ா-்])

இது 'வெளவால்' என்பதைத் திருத்தும். 'கெளுத்தி', 'வெள்ளை', 'வெளி' ஆகியவற்றை விட்டுவிடும். மாற்றும் முன் பொருந்திய சொற்களையெல்லாம் பட்டியலாக அச்சிட்டு ஒருமுறை கண்ணால் பாருங்கள். மூலச் செய்தியையும் அட்டவணையில் ஒரு பத்தியில் அப்படியே வைத்திருங்கள்.

ஊர்ப்பெயர்களுக்கு ரெஜெக்ஸ் நன்றாகவே உதவும். இ?ராமே(?:ஸ்|சு)வர என்று எழுதினால் ராமேஸ்வரம், இராமேசுவரம், ராமேஸ்வரத்தில் எல்லாம் சேர்ந்து கிடைக்கும். மீன் பெயர்களை இப்படி வளைக்க முயல வேண்டாம். வௌவால், வவ்வால், வாவல் என்று ஒரே மீனை ஆளுக்கொரு விதமாக எழுதுவார்கள். அதற்கு, எந்தப் பெயர் எந்த மீன் என்று சொல்லும் ஒரு நேர்ப்பட்டியலே ஏற்றது. பட்டியலை நிரலாளர் மட்டும் எழுதாமல், ஏலம் கூறுபவரை அருகில் வைத்துக்கொண்டு எழுதுவது நல்லது.

தங்கச்சிமடத்துக்காரன்

இயல்பாக்கத்துக்குப் பிறகு கொடுவா ஒன்றாகிவிட்டது, வௌவாலும் சேர்ந்துவிட்டது. ஒன்று மட்டும் எஞ்சியிருக்கிறது. 'வண்டி பாரதி நகரைத் தாண்டிவிட்டது', 'பாரதி நகரை அடைந்ததும் அழைக்கவும்' என்ற செய்திகளும் குழுவில் வருகின்றன. முதல் செய்தியை, பின்னால் தமிழெழுத்து இல்லை என்ற நிபந்தனை தடுத்துவிடுகிறது. இரண்டாவது, நகரை மீன் கணக்கில் விழுகிறது.

வடகடல்_மண்டபம்

சொல்லை மட்டும் பார்த்து அதைப் பிரிக்க இயலாது, தம்பி. உங்கள் செய்திகளில் மீன் பெயரை அடுத்து எடை வருகிறது, அதையே நிபந்தனையாக்கிவிடுங்கள்:

(?<![ஃ-ௗ])நகரை[ :-]*([0-9௦-௯]+) *கிலோ

எடையில்லாமல் வரும் நகரையைத் தனிக் கோப்பில் ஒதுக்கி வையுங்கள். 'நகரை இன்று வரத்து இல்லை' என்பது போன்ற செய்திகளும் அதில் சேரும். தடைக்கால விலையை ஆராய்பவருக்கு அவையும் தேவைப்படும் என்பதால் அழித்துவிட வேண்டாம்.