சக்திமான் வண்டியும் ஓஜி சீருடையும்: அப்பாவின் படத்திற்குக் காலம் குறிக்க முடியுமா?

பனித்துளி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். என் தந்தையார் 1979 முதல் 2001 வரை இந்திய இராணுவத்தில் பணியாற்றி ஓய்வுபெற்றவர். அவர் காலமாகி ஆறு ஆண்டுகள் ஆகின்றன. அவருடைய கறுப்பு டிரங்குப் பெட்டியைச் சென்ற வாரம் திறந்தபோது இரண்டு வண்ணப் புகைப்படங்கள் கிடைத்தன. முதல் படத்தில் இலையும் திட்டும் இல்லாத ஒரே பச்சை நிறச் சட்டையணிந்து, முன்பக்கம் மூக்கு நீண்ட ஒரு லாரியின் மீது சாய்ந்து நிற்கிறார். இரண்டாவது படத்தில், பச்சையும் பழுப்பும் கறுப்புமாகத் திட்டுத் திட்டான சீருடையில் இருக்கிறார். இவற்றோடு, இப்போது படையில் இருக்கும் என் தம்பி 2023ஆம் ஆண்டு அனுப்பிய படத்தையும் வைத்துப் பார்த்தேன். அதில் சீருடை முழுவதும் சிறு சிறு சதுரப் புள்ளிகளாக இருக்கிறது. பின்னால் நிற்கும் லாரியின் முகம் தட்டையாக இருக்கிறது.

சீருடையும் வண்டியும் ஏன் இப்படி மாறின என்பதை அறிந்தவர்கள் விளக்க வேண்டும். முதல் படத்தின் பின்புறம் தேதி எதுவும் இல்லை. 1982இல் நடந்த தம் திருமணத்திற்கு முன், நீலகிரியின் வெலிங்டன் பயிற்சி மையத்தில் எடுத்தது என்று அம்மா சொல்கிறார். அதை உறுதிசெய்ய வழி உண்டா?

பழைய ஓட்டுநர் எழுதியது:

வணக்கம் அம்மா. நானும் இருபது ஆண்டுகளுக்கு மேல் படையில் வண்டி ஓட்டியவன்தான். ஆகவே வண்டியிலிருந்தே தொடங்குகிறேன்.

மூக்கு நீண்ட அந்த லாரி பெரும்பாலும் சக்திமானாகத்தான் இருக்கும். விடுதலைக்குப் பின் பத்து ஆண்டுகளுக்கும் மேலாக நம் படை இரண்டாம் உலகப் போர்க் காலத்து ஃபோர்டு, செவர்லே, டாட்ஜ் வண்டிகளையே பழுதுபார்த்து ஓட்டிக்கொண்டிருந்தது. கிருஷ்ண மேனன் பாதுகாப்பு அமைச்சராக இருந்தபோது ஜெர்மனியின் மான் நிறுவனத்திடம் உரிமம் பெற்று, 1959இல் ஜபல்பூரில் சக்திமான் தயாரிப்பு தொடங்கியது. பெயரின் வாலில் அந்த நிறுவனத்தின் பெயரே ஒட்டிக்கொண்டிருப்பதைப் பலர் கவனிப்பதில்லை. 1996 வரை அந்த வண்டி தயாரானது என்பதால், 1965 போரும் 1971 போரும் கண்ட வண்டியை 1990களில் சேர்ந்த பையன்களும் ஓட்டினார்கள். அதனுடன் ஜபல்பூரிலேயே தயாரான நிசான் ஒன் டன்னும் ஜோங்காவும் இருந்தால் ஒரு யூனிட்டின் வண்டிக் கொட்டகை நிறைந்துவிடும்.

சக்திமானில் எஞ்சின் ஓட்டுநருக்கு முன்னால் இருக்கும். பழுதுபார்க்கப் பானட்டைத் தூக்கினால் போதும். நின்றபடியே வேலை பார்க்கலாம். ஆனால் மலைப்பாதையில் அந்த மூக்கே தொல்லை. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு ஏறுகிறவர்களுக்குக் கொண்டை ஊசி வளைவு என்றால் என்னவென்று சொல்ல வேண்டியதில்லை. வடக்கே அதைவிடக் குறுகலான பாதைகளில் நீண்ட வண்டியை ஒரே திருப்பில் திருப்ப முடியாமல், பள்ளத்தின் விளிம்பில் பின்னுக்கு எடுத்து மறுபடி திருப்ப வேண்டும். அதற்குள் ஸ்டியரிங்கைப் பிடித்த தோள்பட்டை இறங்கிவிடும்.

உங்கள் தம்பியின் படத்தில் இருப்பது அசோக் லேலண்டின் ஸ்டாலியனாக இருக்கலாம். அதில் எஞ்சினுக்கு மேலேயே ஓட்டுநர் அறை அமர்ந்திருப்பதால் மொத்த நீளம் குறைகிறது. அல்லது அதே நீளத்தில் சரக்கேற்றும் இடம் கூடுகிறது. சாலையும் கண்ணுக்கு அருகிலேயே தெரியும். 1990களின் பிற்பகுதியிலிருந்து சக்திமானின் இடத்தை இந்த வண்டியும், நாங்கள் இரண்டரை டன் என்று சொல்லும் டாட்டா வண்டியும் எடுத்துக்கொண்டன. ஓட்டுவதற்கு ஸ்டாலியன்தான் சுகம் என்பதை மறுக்க மாட்டேன். ஆனால் கனவில் இன்றும் சக்திமானைத்தான் ஓட்டுகிறேன்.

முதல் படத்தில் நம்பர் பலகை தெரிகிறதா? தெரிந்தால், மேல்நோக்கிய அம்புக்குறிக்கு அடுத்து வரும் இரண்டு எண்களைச் சொல்லுங்கள். இராணுவ வண்டியில் அவை அந்த வண்டி படைக்கு வாங்கப்பட்ட ஆண்டைக் குறிக்கும். அடுத்த எழுத்து வண்டியின் வகையைக் காட்டும்.

சிறுவண்டி எழுதியது:

இராணுவ வண்டிகளின் சிறு மாதிரிகளுக்கு வண்ணம் பூசுவது என் பொழுதுபோக்கு. அதற்காகப் படித்தவற்றிலிருந்து சீருடையைப் பற்றிச் சொல்கிறேன்.

காக்கியே ஓர் உருமறைப்பு நிறம்தான். 1840களின் பிற்பகுதியில் பெஷாவர் பகுதியில், ஹாரி லம்ஸ்டன் திரட்டிய கைட்ஸ் படைதான் பளிச்சென்ற சிவப்புச் சட்டைக்குப் பதிலாகப் புழுதி நிறத்தை முதலில் அணிந்தது. வறண்ட நிலத்தில் அது பயன்பட்டது. இரண்டாம் உலகப் போரில் பர்மாக் காட்டுக்குள் போனபோது அதே காக்கி காட்டிக்கொடுத்தது. அதனால் காக்கித் துணியையே பச்சைச் சாயத்தில் முக்கி அணிந்தார்கள். விடுதலைக்குப் பின் இந்தியத் தரைப்படை ஆலிவ் பச்சையை வைத்துக்கொண்டது. பாகிஸ்தான் படை காக்கியில் தொடர்ந்தது. படைவீரர்கள் இன்றும் ஓஜி என்று சொல்வது இந்தப் பச்சையைத்தான்.

ஒரே நிறத்தின் குறை என்னவென்றால், அது பின்னணியோடு எவ்வளவு ஒத்துப்போனாலும் மனித உடலின் வெளிக்கோட்டை மறைப்பதில்லை. தலை, தோள், கை என்ற வடிவத்தைக் கண் நொடியில் பிடித்துவிடும். திட்டுத் திட்டான துணி அந்தக் கோட்டை உடைக்கிறது. பாராசூட் படையினர் முன்பே இத்தகைய மேலங்கிகளை அணிந்தார்கள். 1980களிலும் 1990களிலும் மற்றப் பிரிவுகளுக்கும் அது பரவியது.

புள்ளிச் சீருடை 2022 ஜனவரி 15 அன்று, இராணுவ நாள் அணிவகுப்பில், பாராசூட் படைப்பிரிவினர் அணிந்து வந்தபோது முதன்முறையாக வெளியே தெரிந்தது. தேசிய ஆடை அலங்காரத் தொழில்நுட்பக் கழகத்துடன் சேர்ந்து உருவாக்கப்பட்டது. சட்டையைக் கால்சட்டைக்குள் செருக வேண்டியதில்லை என்பது ஒரு மாற்றம். சிறு புள்ளிகள் அருகிலுள்ள பார்வைக்கும், அவை கூடி உண்டாகும் பெரிய திட்டுகள் தொலைவிலுள்ள பார்வைக்கும் வேலை செய்கின்றன என்பதுதான் கருத்து. ஆனால் சதுரப் புள்ளி என்பதாலேயே மறைந்துவிடாது. அமெரிக்கத் தரைப்படை 2005 வாக்கில் எல்லா நிலத்துக்கும் ஒன்றே போதும் என்று சாம்பல் கலந்த புள்ளிச் சீருடையைக் கொண்டுவந்தது. ஆப்கானிஸ்தானில் அது எங்கும் சரியாகப் பொருந்தாமல் போகவே, 2015 முதல் புள்ளியில்லாத வேறு வடிவத்துக்கு மாறிவிட்டது. நிறத்தேர்வு தவறினால் வடிவம் காப்பாற்றாது.

லாரிக்கோ வண்ணம் மட்டும் போதவே போதாது. பாலைவனத்தில் மணல் நிறமும் மற்ற இடங்களில் கரும்பச்சையும் பூசினாலும், மேலிருந்து பார்ப்பவனுக்கு வண்டியைக் காட்டிக்கொடுப்பவை அதன் நிழலும், கண்ணாடியின் பளபளப்பும், மண்ணில் விட்டுவந்த சக்கரத்தடமும்தான். அதனால்தான் வலை போடுகிறார்கள்.

பழைய ஓட்டுநர் எழுதியது:

தம்பி சொல்வது உண்மை. வலை போட்டு முடித்தபின் சக்கரத்தடத்தை மரக்கிளையால் பெருக்கி அழிப்பதும் எங்கள் வேலைதான். ஒன்றைச் சேர்க்கிறேன். வண்டி முழுக்கக் கரும்பச்சையாக இருந்தாலும், பின் அச்சின் நடுவிலுள்ள உருண்டையில் மட்டும் வெள்ளை பூசி, அதன்மேல் சிறு விளக்கொளி விழும்படி வைத்திருப்போம். இரவு கான்வாயில் முகப்பு விளக்கில்லாமல் போகும்போது பின்னால் வரும் ஓட்டுநருக்கு அந்த வெள்ளைப் பொட்டு ஒன்றே வழிகாட்டி.

ஆவடிக்காரர் எழுதியது:

துணியைப் பற்றி ஒரு தையற்காரனின் பார்வை. ஆவடியில் 1961 முதல் இயங்கும் இராணுவ உடைத் தொழிற்சாலையை எங்கள் ஊரில் ஓ.சி.எஃப். என்றுதான் சொல்வோம். ஒரே நிறத் துணியில் இரண்டு வேறு சாயத் தொகுப்புகளின் துண்டுகள் ஒரே சட்டையில் சேர்ந்துவிட்டால், வெயிலில் கையும் உடலும் தனித்தனி நிறமாகத் தெரியும். திட்டுத் துணியில் அந்த வேறுபாடு கண்ணில் படாது.

பழைய திட்டுத் துணி கடைத்தெருவில் தாராளமாகக் கிடைத்தது. வேட்டைக்காரன் வேடமிட்ட பள்ளிப் பிள்ளை முதல் காவலாளி வரை அணிந்தார்கள். சிரிப்புக்குரிய செய்தியாக இருந்த இது, 2016 ஜனவரியில் பதான்கோட் விமானத் தளத்தைத் தாக்கியவர்கள் இராணுவச் சீருடையில் வந்தபிறகு வேறுவிதமாகப் பார்க்கப்பட்டது. புதிய வடிவத்தின் உரிமையை 2022இல் இராணுவம் தன் பெயரில் பதிவுசெய்ததற்கும், துணியை வெளிச்சந்தைக்கு விடாமல் படைக் கேன்டீன் வழியாகக் கொடுப்பதற்கும் இதுவே காரணம். என்னைக் கேட்டால், புள்ளி வடிவத்தைவிட இந்தக் கட்டுப்பாடுதான் பெரிய மாற்றம்.

இன்னொன்று. 2021 அக்டோபரில் படைக்கலத் தொழிற்சாலைகளை ஏழு நிறுவனங்களாகப் பிரித்தபோது, ஜபல்பூர் வண்டித் தொழிற்சாலை சேர்ந்த நிறுவனத்துக்குத் தலைமையிடம் எங்கள் ஆவடிதான்.

பனித்துளி எழுதியது:

அனைவருக்கும் மிக்க நன்றி. உருப்பெருக்கியை வைத்துப் பார்த்ததில் அம்புக்குறிக்கு அடுத்து 84 என்பதும், பிறகு டி என்ற ஆங்கில எழுத்தும் தெளிவாகத் தெரிகின்றன. மற்ற எண்களை அப்பாவின் முழங்கை மறைக்கிறது. அப்படியானால் அது 1982க்கு முந்தைய படமாக இருக்க முடியாது. மேலும், வண்டிக்குப் பின்னால் வரிசையாகப் பனைமரங்கள் நிற்பதை இப்போதுதான் கவனித்தேன்.

பழைய ஓட்டுநர் எழுதியது:

நீலகிரிக் குளிரில் பனைமரம் ஏது அம்மா? வெலிங்டன் இல்லை என்பது உறுதி. 1987க்கும் 1990க்கும் இடையில் அமைதிப்படையில் உங்கள் தந்தையார் இலங்கைக்குச் சென்றிருந்தாரா என்று கேட்டுப்பாருங்கள். அப்போது அங்கே எங்களில் பெரும்பாலோர் ஓஜியில்தான் இருந்தோம். வண்டிகளில் பல சக்திமான்கள்தாம்.

பனித்துளி எழுதியது:

கேட்டேன் ஐயா. அம்மா சற்று நேரம் படத்தைக் கையில் வைத்திருந்துவிட்டு, 1988இல் ஏழு மாதம் கடிதமே வராமலிருந்து, பிறகு ஒருநாள் வந்த உறையில் இந்தப் படம் மட்டும்தான் இருந்தது என்றார்.