தெரியாத கிறிஸ்மஸ் பாட்டு எல்லாம் தேறாத பாட்டா?

சிம்ஸ்பார்க் டெனர்:
நேற்று கொடை மணியோசை இங்கே எழுதிவிட்டுப் போனது இது: "நல்ல கிறிஸ்மஸ் பாட்டு எல்லாம் எல்லோருக்கும் ஏற்கெனவே தெரியும். தெரியவில்லை என்றால் அது தேறாத பாட்டு. பாமாலைப் புத்தகம் இருக்கிறது, போனி எம் குழுவின் பாட்டு இருக்கிறது, போதும்."

படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. 31 வருடமாகக் கோவில் பாடகர் குழுவில் டெனர், அதாவது ஆண்களின் மேல் குரல், பாடுகிறேன். குன்னூர் பஸ் ஸ்டாண்டிலிருந்து பெட்ஃபோர்டு வரை கடைக்குக் கடை அதே எட்டுப் பாட்டு. வீடு வீடாகப் பாடிப் போகும் கீத பவனியிலும் அதே எட்டு. உலகம் பாடி வைத்திருப்பது அவ்வளவுதானா?

ஹூரான் கேரல் கேட்டிருக்கிறீர்களா? ழான் த பிரெபோஃப் என்ற பிரெஞ்சு ஏசு சபைப் பாதிரியார் கனடாவில் ஹூரான் என்றும் சொல்லப்படும் வெண்டாட் பழங்குடி மக்களோடு இருந்து, 1642 வாக்கில் அவர்கள் மொழியிலேயே எழுதியது. மெட்டு ஒரு பழைய பிரெஞ்சுப் பாட்டினுடையது. 1926இல் எழுதிய ஆங்கில வடிவத்தில் குழந்தை ஏசுவை முயல் தோலில் சுற்றி, மரப்பட்டைக் குடிசையில் கிடத்துவார்கள். கவென்ட்ரி கேரல் 16ஆம் நூற்றாண்டு நாடகம் ஒன்றில் வரும் தாலாட்டு. ஏரோது மன்னன் ஆள் அனுப்பிவிட்டான், குழந்தைகளைக் கொல்ல வருகிறார்கள், அம்மாக்கள் பாடுகிறார்கள். பாதி ராத்திரியில் கேட்டால் தூக்கம் வராது.

பாப் பாட்டு வேண்டுமா? ஜோனி மிட்செலின் 'ரிவர்', 1971. பியானோ 'ஜிங்கிள் பெல்ஸ்' மெட்டில் தொடங்கிச் சோகத்துக்குள் இறங்கிவிடும். ஜோனா லூயியின் 'ஸ்டாப் த கேவல்ரி', 1980. போர்முனைச் சிப்பாய் ஒருவன் வீட்டை நினைத்து ஏங்குகிறான், பின்னால் பித்தளை வாத்தியங்கள். வெலிங்டன் பட்டாளத்து பேண்ட் சத்தத்தில் வளர்ந்தவன் நான், எனக்குத் தொண்டை அடைக்கும்.

எல்லாவற்றுக்கும் மேல் ஷ்செட்ரிக். உக்ரேனின் மிகோலா லியோன்டோவிச் நாட்டுப் பாட்டிலிருந்து எடுத்து அமைத்தது. 1916 டிசம்பரில் கீவ் நகரில் முதலில் பாடினார்கள். 1936இல் ஆங்கிலத்தில் மணிகளைப் பற்றிய வேறு சொற்கள் போட்டு 'கேரல் ஆஃப் த பெல்ஸ்' ஆக்கினார்கள். மூலத்தில் மணியே கிடையாது. ஒரு தகைவிலான் குருவி வீட்டுக்குள் பறந்து வந்து, வெளியே வந்து தொழுவத்தைப் பார், ஆடுகள் குட்டி போட்டிருக்கின்றன என்று வீட்டுக்காரனிடம் சொல்கிறது. க-ரி-க-ஸ, இந்த ஒரே துணுக்குதான் திரும்பத் திரும்ப. அதன்மேல் மற்றக் குரல்கள் ஒவ்வொன்றாக ஏறும்போது உடம்பு சிலிர்க்கும். இதுவா தேறாத பாட்டு?

கொடை மணியோசை:
நீளமாக எழுதினால் சரியாகிவிடுமா? நீங்களே சொல்லிவிட்டீர்கள்: குருவி வருகிறது, ஆடு குட்டி போடுகிறது. இதில் ஏசு எங்கே? மாதா எங்கே? 31 வருட டெனருக்குக் கிறிஸ்மஸ் பாட்டில் கிறிஸ்து வேண்டும் என்று யாரும் சொல்லித் தரவில்லையா?

இன்னொன்று. டிசம்பரில் அந்த ஊரே பனியில் மூடிக் கிடக்கும். அங்கே தகைவிலான் எப்படி வரும்? குளிர் தொடங்கும் முன்பே அது தெற்கே போய்விடும், பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். பனியில் இல்லாத குருவியை வைத்துக் கிறிஸ்மஸ் பாட்டாம்.

கோத்தகிரிப் பறவை:
பறவை விஷயம் என்பதால் குறுக்கிடுகிறேன். மணியோசை சொன்னது சரிதான், ஐரோப்பியத் தகைவிலான்கள் குளிருக்கு ஆப்பிரிக்கா போய்விடும், ஏப்ரல் வாக்கில் திரும்பும். ஆனால் நம் மலையில் தலைகீழ். குளிரில்தான் வடக்கிலிருந்து கூட்டமாக வரும், மின்கம்பியில் வரிசையாக உட்காரும். ஆண்டு முழுக்க இங்கேயே இருந்து வராந்தா உத்தரத்தில் மண் கூடு கட்டும் இன்னொரு வகையும் உண்டு. என் வீட்டில் மூன்று வருடமாக இருக்கிறது, கீழே அட்டை விரித்து வைத்திருக்கிறேன்.

சிம்ஸ்பார்க் டெனர்:
கேட்டீர்களா மணியோசை? நம் கிறிஸ்மஸில் தகைவிலான் இருக்கிறது. அப்புறம் என்ன?

கொடை மணியோசை:
பாட்டு கோத்தகிரியில் எழுதப்பட்டதா? உக்ரேனில் பனிக்காலத்தில் தகைவிலான் உண்டா, இல்லையா? ஒரு சொல்லில் பதில் சொல்லுங்கள்.

சிம்ஸ்பார்க் டெனர்:
இல்லை. ஏன் இல்லை என்றும் கேளுங்கள். அந்த நாட்டுப் பாட்டு கிறிஸ்தவத்துக்கும் முந்தைய காலத்தினுடையது என்கிறார்கள். அப்போது அவர்களுக்கு ஆண்டுப் பிறப்பே வசந்தத்தில். தகைவிலான் திரும்பும், ஆடு குட்டி போடும். பிறகு ஆண்டுப் பிறப்பு குளிர்காலத்துக்கு நகர்ந்தது, பாட்டும் கூடவே நகர்ந்தது. பழைய காலண்டர்படி ஆண்டுப் பிறப்புக்கு முந்தின இரவு, ஜனவரி 13, வீடு வீடாகப் போய்ப் பாடுவார்கள். நம் போகியும் அந்தச் சமயம்தான். குடுகுடுப்பைக்காரர் வாசலில் நின்று நல்ல காலம் பொறக்குது என்று சொல்கிறாரே, அதேதான். வாசலுக்கு வந்து நல்லது சொல்வதைவிடக் கிறிஸ்மஸுக்கு வேறு என்ன வேண்டும்? நாம் கீத பவனி போவது எதற்காக?

கொடை மணியோசை:
ஆக, கிறிஸ்மஸுக்கும் அந்தப் பாட்டுக்கும் சம்பந்தம் இல்லை. குருவிப் பாட்டு. நான் சொன்னதை நீங்களே நிரூபித்துவிட்டீர்கள், நன்றி.

பண்ணைக்காடு பாமாலை:
தம்பிகளா, 'சைலண்ட் நைட்' பாட்டின் தமிழ் வடிவம் 'ஒப்பில்லா திருஇரா' இருக்கும்போது எதற்கு இந்தச் சண்டை? ஜோசப் மோர் 1816இல் எழுதியதற்கு 1818இல் ஃபிரான்ஸ் கிரூபர் மெட்டுப் போட்டது. முதல் தடவை ஆஸ்திரியாவின் ஓபெர்ன்டோர்ஃப் ஊரில் அதை கிடாரோடுதான் பாடினார்கள். இதை ஏன் சொல்கிறேன் என்றால், சில வருடம் முன்பு எங்கள் பக்கத்தில் ஒரு கோவிலில் என் மகனை கிடாரோடு உள்ளே வரக் கூடாது என்று ஒரு பெரியவர் திருப்பி அனுப்பினார். இன்றைக்கும் எனக்கு அது வலிக்கிறது.

ஊட்டி உருளை:
கிடார் வந்தால் பின்னாலேயே டிரம்ஸ் வரும், அப்புறம் ஆல்ட்டோ, அதான் பெண்களின் கீழ்க் குரல், கேட்கவே கேட்காது. அந்தப் பெரியவர் செய்தது சரி.

பண்ணைக்காடு பாமாலை:
நீங்கள்தான் போன வருடம் ஆர்கனைத் தூக்கிவிட்டு கீபோர்டு வைத்ததை ஆதரித்துப் பத்துப் பதிவு போட்டவர். நான் மறக்கவில்லை தம்பி.

ஊட்டி உருளை:
கீபோர்டு வேறு, கிடார் வேறு. எங்கள் ஊரில் டிசம்பர் ராத்திரி தலைகுந்தாவில் புல்லெல்லாம் உறைபனியில் வெள்ளையாகிவிடும். அந்தக் குளிரில் கிடார் தந்தி சுருதி நிற்காது. கொடைக் குளிரில் வேண்டுமானால் நிற்கும்.

கொடை மணியோசை:
கொடைக் குளிருக்கு என்ன குறைச்சல்? சலேத் மாதா கோவில் 1866இல் கட்டியது. அன்றிலிருந்து இந்தக் குளிரில் நின்றுதான் பாடிவருகிறோம். உங்கள் உறைபனியைப் பார்க்க ஆள் வரும், பாட வருவார்களா?

கோத்தகிரிப் பறவை:
டெனர் அண்ணா, அந்த முயல் தோல் பாட்டை வெண்டாட் மொழியிலேயே யாராவது பாடியிருக்கிறார்களா?

சிம்ஸ்பார்க் டெனர்:
கொஞ்சம் பொறுங்கள், முதலில் இதை முடிக்கிறேன். மணியோசை, கிறிஸ்து இல்லாவிட்டால் கிறிஸ்மஸ் பாட்டு இல்லை என்பது உங்கள் சட்டம். சரி. 'ஜிங்கிள் பெல்ஸ்' என்ன? ஜேம்ஸ் பியர்பான்ட் 1857இல் வெளியிட்டது. குதிரை, சறுக்கு வண்டி, கூட ஒரு பெண். ஏசு இல்லை, கிறிஸ்மஸ் என்ற சொல்லே இல்லை. 'ஜாய் டு த வேர்ல்டு'? ஐசக் வாட்ஸ் 1719இல் 98ஆம் சங்கீதத்தை வைத்து எழுதியது, அதில் பெத்லகேமும் இல்லை, மேய்ப்பரும் இல்லை. உங்கள் போனி எம் 1978இல் பாடிய 'மேரீஸ் பாய் சைல்டு' ஜெஸ்டர் ஹேர்ஸ்டன் எழுதியது. 1956இல் ஹாரி பெலஃபான்டே நிதானமாகப் பாடியதை ஒரு முறை கேளுங்கள். கைதட்டல் எல்லாம் உதிர்ந்து சொல் மட்டும் நிற்கும். குதிரைக்கு இடம் உண்டு, குருவிக்கு இல்லையா?

கொடை மணியோசை:
குதிரை பனியில் ஓடும். தகைவிலான் பனியில் பறக்காது. எங்கள் பிள்ளைகள் 'ஜிங்கிள் பெல்ஸ்' பாடித்தான் வளர்ந்தார்கள், அது கிறிஸ்மஸ் பாட்டுதான்.

சிம்ஸ்பார்க் டெனர்:
பிள்ளைகள் பாடினால் ஆகிவிடுமா? அப்படியென்றால் 'கேரல் ஆஃப் த பெல்ஸ்' பாடி வளர்ந்த பிள்ளைகள் கணக்கில் வர மாட்டார்களா? உக்ரேனியக் குழு 1922 அக்டோபரில் நியூயார்க் கார்னெகி ஹாலில் ஷ்செட்ரிக்கைப் பாடியபோது லியோன்டோவிச் உயிரோடு இல்லை. 1921 ஜனவரியில் சோவியத் உளவாளி ஒருவன் அவரைச் சுட்டுக் கொன்றான். அந்த மனிதர் விட்டுப் போன பாட்டைக் குருவிப் பாட்டு, குருவிப் பாட்டு என்று தள்ள எனக்கு மனசு வராது.

கொடை மணியோசை:
அவர் இறந்தது வருத்தம்தான். அதனால் சிட்டுக்குருவி கிறிஸ்மஸ் பறவை ஆகிவிடாது.

கோத்தகிரிப் பறவை:
சிட்டுக்குருவி இல்லை. தகைவிலான். இரண்டும் வேறு வேறு.

கொடை மணியோசை:
ஏதோ ஒரு குருவி.

கோத்தகிரிப் பறவை:
ஏதோ ஒரு குருவி இல்லை ஐயா. வால் இரண்டாகப் பிரிந்திருக்கும், பறந்துகொண்டே பூச்சி பிடிக்கும். சிட்டுக்குருவி தானியம் பொறுக்கும். இது தெரியாமல் எதை வைத்து இவ்வளவு நேரம் வாதம் செய்தீர்கள்?

ஊட்டி உருளை:
கொடையில் சிட்டுக்குருவியாவது மிச்சம் இருக்கிறதா?

பண்ணைக்காடு பாமாலை:
கிடார் விஷயத்துக்கு யாரும் பதில் சொல்லவில்லை.

சிம்ஸ்பார்க் டெனர்:
மணியோசை, மூன்று வருடம் முன்பு கவென்ட்ரி கேரலை இங்கே முதலில் சொன்னபோதும் நீங்கள் இப்படித்தான் எழுதினீர்கள்: பண்டிகையில் ஒப்பாரி எதற்கு என்று. அன்றைக்கும் கேட்காமலே எழுதினீர்கள். ஷ்செட்ரிக்கை ஒரு தடவையாவது கேட்டீர்களா? ஒன்றரை நிமிடம்கூட ஆகாது. இந்த டிசம்பரில் நான்கு குரலில் குன்னூர் பஸ் ஸ்டாண்டில் பாடப் போகிறோம், உக்ரேனிய மொழியிலேயே. உச்சரிப்பு வாயில் வர ஆறு வாரம் ஆனது. வந்து நின்று கேட்டுவிட்டுப் பேசுங்கள்.

கொடை மணியோசை:
கேட்கத் தேவையில்லை. பனியில் வராத குருவி என்று நீங்களே ஒப்புக்கொண்டாயிற்று. கொடையிலிருந்து குன்னூர் வரை பஸ் ஏறி வந்து குருவிப் பாட்டு கேட்க எனக்கு நேரம் இல்லை.

சிம்ஸ்பார்க் டெனர்:
தகைவிலான்.