காட்பாடில வண்டி நிக்கறது யாராலப்பா?

பாலாத்துப் பையன்: வேலூர் வளர்ந்ததே தோல் தொழிலாலதான், ஆஸ்பத்திரி, காலேஜ் எல்லாம் அப்புறம் ஒட்டிகினதுன்னு நேத்து ஒருத்தர் எழுதிகீறாரு. படிச்சதுல இருந்து எரிச்சல். 1900ல ஐடா ஸ்கடர் ஒத்த கட்டில் போட்டு ஆரம்பிச்சாங்க, 1902ல 40 படுக்கை, 1918ல பொம்பளைங்களுக்கு மெடிக்கல் ஸ்கூல். அந்த சிஎம்சி ஆஸ்பத்திரி இல்லன்னா வங்காளத்து நோயாளிங்கள ஏத்திகினு வர ஹவுரா வண்டி இங்க எதுக்கு நிக்கணும்? காட்பாடி ஜங்சனே அதாலதான்.

லாங்கு பஜார்: எழுதினது நான்தான். ஜங்சனே அதாலயா? மெட்ராஸ்ல இருந்து கேரளா பக்கம் பேப்பூர் போற லைன் 1862லயே காட்பாடி வழியா ஓடிச்சு, ஐடா அம்மா ராணிப்பேட்டைல பொறந்தது 1870. பொறக்கறதுக்கு முன்னாடியே ரயில் விட்டாங்களா, பெரிய அதிசயம்தான்.

பாலாத்துப் பையன்: லைன் போட்டது வேற, வண்டி நிக்கறது வேற. பாபு ராவ் தெருவுக்கு ஒரு தடவ போய் பாருங்க, லாட்ஜ் போர்டெல்லாம் வங்காள மொழில, படிக்கட்டுல எக்ஸ்ரே கவரை மடியில வெச்சிகினு ஒரு தாத்தா, பின்னாடி ரூம்ல வாடகை ஸ்டவ்ல கடுகெண்ணெய் மீன் கொழம்பு கொதிக்கும். ஆட்டோகாரர், மெடிக்கல் ஷாப், எஸ்டிடி பூத்தா இருந்து இப்ப டிக்கெட் புக்கிங் போடறவர் வரைக்கும் சோறு அதுலதான்.

குடியாத்தம்: லாட்ஜ்காரனுக்குத்தான் சோறு. எங்க சித்தப்பா வாடகைக்கு இருந்த வீட்டை நோயாளிங்களுக்கு நாள் வாடகைக்கு விடணும்னு ஓனர் காலி பண்ண வெச்சாரு. இதுக்குப் பேரு வளர்ச்சியா?

லாங்கு பஜார்: அதை விடுங்க, ஜங்சனுக்கு பதில் வரல.

ஆற்காட்டு அக்கா: தோல் தோல்னு குதிக்கிறீங்களே தம்பி, அந்தத் தோல் கழிவு பாலாத்தை என்ன பண்ணிச்சுன்னு 1996ல சுப்ரீம் கோர்ட்டே சொல்லியாச்சு. கெட்டுப்போன கெணத்துக்கு யாரு கணக்கு வெச்சா?

லாங்கு பஜார்: அக்கா, உங்க வீட்டு செருப்பு மரத்துல காய்ச்சுதா? ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு ஷூ கம்பெனில எழுதப் படிக்கத் தெரியாத பொம்பளைங்க கூட சம்பளம் வாங்கினாங்க, உங்க ஆஸ்பத்திரில படிக்காதவங்களுக்கு என்ன வேலை, பெருக்கற வேலைதானே.

பாலாத்துப் பையன்: 2019ல மாவட்டத்தை மூணா பிரிச்சப்பவே ஆம்பூரும் வாணியம்பாடியும் திருப்பத்தூர் பக்கம் போயாச்சு. அடுத்த வீட்டு அடுப்புல வெந்த சோத்துக்கு நீங்க ஏப்பம் விடறீங்க.

குடியாத்தம்: பேரணாம்பட்டு இன்னும் வேலூர்தான். எங்க பக்கத்த மறந்துடுவீங்களே எப்பவும்.

ஆற்காட்டு அக்கா: 1984ல காலேஜா ஆரம்பிச்ச விஐடி யுனிவர்சிட்டிய யாருமே பேசல. காட்பாடி ரோட்ல பிஜி, மெஸ், ஜெராக்ஸ் கடைனு அது தனி ஊரு.

லாங்கு பஜார்: வடக்கத்தி பசங்க நாலு வருசம் படிச்சிட்டு பெங்களூரு போயிடுவாங்க, நமக்கு மிச்சம் பிரியாணி பில்லு. அதுவும் ஆம்பூர் பிரியாணி. நான் முப்பது வருசமா கடை வெச்சிருக்கேன், ஊரு எதால ஓடுதுன்னு எனக்கு பாடம் எடுக்காதீங்க.

பாலாத்துப் பையன்: உங்க கடைல பாதி கஸ்டமர் யாருங்கண்ணா? இந்தில பேரம் பேசறதை நானே பார்த்துகீறேன்.

லாங்கு பஜார்: கடைக்கு வந்து வேவு பாக்கறியா? போன தீபாவளிக்கு கடன் சொல்லிட்டு போனது நீதானே?

பாலாத்துப் பையன்: அது எங்க அண்ணன். அதையும் பொங்கலுக்குள்ள குடுத்தாச்சு.

லாங்கு பஜார்: சரி அத வுடு. ஐடா அம்மா பொறந்தது 1870, ரயில் 1862லயே வந்தாச்சு. இதுக்கு மட்டும் பதில் சொல்லு.

பாலாத்துப் பையன்: வந்தது வேற, நிக்கறது வேறன்னு எத்தினி வாட்டி சொல்றது?