அண்ணன் மகன் விட்டுச் சென்ற மட்டைகள்: மட்டையைத் திருத்துவதா, கையைத் திருத்துவதா?

லாஸ்பேட்டை ஆசிரியர்:
அனைவருக்கும் வணக்கம். கல்லூரிப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு கோல்ஃப் பழகத் தொடங்கியவன் நான். மாதம் இருமுறை கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாகச் சென்னைக்குப் போய், கிண்டி கோல்ஃப் மைதானத்தில் உறுப்பினராக உள்ள மைத்துனரின் விருந்தினனாக ஆடி வருகிறேன். துபாயில் வேலை பார்க்கும் அண்ணன் மகன் விடுமுறைக்கு வந்தபோது தன் பழைய செட்டை என் வீட்டில் விட்டுச் சென்றான். 4 முதல் 9 வரையும், குறுந்தூரத்துக்கான பிட்சிங் வெட்ஜும் சேர்த்து வார்ப்பு எஃகு அயர்ன்கள் (உலோகத் தலை மட்டைகள்) ஏழு, அவற்றில் ஸ்டிஃப், அதாவது விறைப்பான வகை எஃகு ஷாஃப்ட் (மட்டையின் தண்டு). கூடவே தொலைவுக்கு அடிக்கும் 9 டிகிரி டிரைவர், மணலிலிருந்து எடுக்கும் சாண்ட் வெட்ஜ், பந்தைக் குழிக்குள் உருட்டும் பட்டர். அவன் ஆறடி உயரம். நான் 5 அடி 3 அங்குலம். எந்த அயர்னை எடுத்தாலும் பந்து இலக்குக்கு இடப்புறம் போகிறது. டிரைவரிலோ வலப்புறம் வளைந்து மரங்களைத் தேடி ஓடுகிறது. நான் வலக்கைக்காரன். இவற்றை உடலுக்கு ஏற்பப் பொருத்தித் தருவதற்குச் சென்னையில் ஒருவர் கேட்கும் தொகை என் மாத ஓய்வூதியத்தில் பாதி. செலவழிக்கலாமா, இருப்பதை வைத்தே பழகலாமா?

தேவனாம்பட்டினம்:
ஆசிரியர் ஐயா, அந்தப் பணம் வங்கியிலேயே இருக்கட்டும். ஸ்பெயினின் கோல்ஃப் வீரர் செவே பாலஸ்டிரோஸ் சிறுவனாக இருந்தபோது பெட்ரேன்யா கடற்கரையில் ஒரேயொரு 3 அயர்னை வைத்துக்கொண்டு உயர அடிப்பதையும், தாழ அடிப்பதையும், மணலிலிருந்து எடுப்பதையும் கற்றுக்கொண்டார். நம் எஸ்.எஸ்.பி. சௌராசியா, ராயல் கல்கத்தா மைதானத்தில் புல்தரையைப் பராமரித்தவரின் மகன். இரவல் மட்டைகளில் பழகியவர். 2008-இல் இந்தியன் மாஸ்டர்ஸ் போட்டியை வென்றார். இவர்களுக்கு எந்தக் கடையும் அளவெடுத்துக் கொடுக்கவில்லை.

நான் செய்ததைச் சொல்கிறேன். கடலூர் முதுநகர் துறைமுகத்தில், கழித்துப் போட்ட இழுவலையின் மடிப்பகுதியை எடைக்கு வாங்கினேன். கோல்ஃப் பந்தின் குறுக்களவு 42.67 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது என்பது விதி. மடியின் கண்கள் அதைவிட மிகச் சிறியவை என்பதால் பந்து ஊடுருவாது. அதை இரட்டையாக மடித்து இரண்டு தென்னைகளுக்கு நடுவே தளர்வாகத் தொங்கவிட்டேன். நாளொன்றுக்கு ஐம்பது பந்து, ஒரே 7 அயர்ன். இரண்டு மாதத்தில் என் கை திருந்தியது.

முதலியார்பேட்டை பட்டறை:
பெரியவர் சொல்லும் வலை யோசனை அருமை. ஆனால் அவர் காட்டும் உதாரணம் பொருந்தாது. வறுமையால் சிலருக்கு நேர்ந்ததை எல்லோருக்கும் உரிய பயிற்சிமுறையாகக் கொள்ள இயலாது. பத்து வயதுச் சிறுவன் கையில் கிடைத்த மட்டைக்கு ஏற்ப வளர்ந்துவிடுவான். ஓய்வு பெற்ற ஆசிரியரின் முதுகும் முழங்காலும் இனி மட்டைக்கு ஏற்ப வளரப் போவதில்லை.

ஆசிரியர் ஐயா, சிக்கல் எங்கே என்று பாருங்கள். மட்டையின் அடிப்பாகம் தரையில் சமமாக அமரும்போது ஷாஃப்டுக்கும் தரைக்கும் இடையே உள்ள சாய்வை லை என்கிறோம். உயரமானவரின் அளவில் செய்த மட்டையை உயரம் குறைந்தவர் பிடித்தால், கை தாழ்ந்து, தலையின் முனை மேலே எழும்பி, ஷாஃப்டை ஒட்டிய குதிப்பகுதி மட்டும் தரையைத் தொடும். முனை எழும்பிய தலையின் முகம், நீங்கள் நேராக நிறுத்தியதாக நினைத்தாலும், இடப்புறம் பார்க்கும். லாஃப்ட், அதாவது முகம் பின்னோக்கிச் சாய்ந்திருக்கும் கோணம், கூடக் கூட அந்தத் திருப்பம் அதிகமாகும். கார்ஸ்டன் சோல்ஹைம் தொடங்கிய, மட்டை தயாரிக்கும் பிங் நிறுவனம் லை கோணத்தைக் காட்ட அயர்ன் தலையில் வண்ணப் புள்ளி வைக்கிறது; கருப்புப் புள்ளி பொதுவான அளவு. ஒரே கோணம் எல்லோருக்கும் பொருந்துமானால் வேறு வண்ணங்களுக்கு என்ன தேவை? அயர்னில் இடம், டிரைவரில் வலம் என்று ஒரே ஆள் இரு பக்கமும் அடிப்பதே குறை மட்டையில் இருப்பதைக் காட்டுகிறது.

தேவனாம்பட்டினம்:
அந்தக் கடைசி வாக்கியத்தில்தான் பட்டறைத் தம்பி வழுக்கிவிட்டார். இடமும் வலமும் சேர்ந்து வருவது இந்த ஆட்டத்தின் மிகப் பழைய நோய். அதற்கு ஒரே காரணம் போதும். மட்டை வெளியிலிருந்து உள்நோக்கி, உடலுக்குக் குறுக்காக வெட்டிக்கொண்டு வந்தால், லாஃப்ட் அதிகமுள்ள அயர்னில் பக்கச் சுழற்சி குறைவாகவே ஏறுவதால் பந்து மட்டை போன திசையில், அதாவது இடப்புறம், நேராகப் போகும். லாஃப்ட் குறைந்த டிரைவரில் அதே வெட்டு பக்கச் சுழற்சியாக மாறிப் பந்தை வலப்புறம் வளைக்கும். தோளால் அடிக்கும் புதியவர்கள் பத்துப் பேரில் எட்டுப் பேரிடம் நான் இதைப் பார்த்திருக்கிறேன். இதற்கு மட்டையை வளைத்தால், காய்ச்சலுக்கு வெப்பமானியைத் தண்ணீரில் நனைத்த கதையாகிவிடும்.

மட்டையை வளைத்த அனுபவமும் எனக்கு உண்டு. ஆசிரியரிடம் இருப்பதைப் போன்ற வார்ப்பு அயர்ன் ஒன்றை, இங்கே ஒரு லேத் பட்டறையில் கொடுத்து மூன்று டிகிரி சாய்க்கச் சொன்னேன். வைஸில் தலையைக் கவ்வி, ஷாஃப்ட் செருகும் கழுத்தில் குழாயை மாட்டி அழுத்தினார்கள். முதல் அழுத்தத்தில் அசையவில்லை. இரண்டாவதில் ஓடு உடைவது போல ஒரு சத்தம். கழுத்தைச் சுற்றி மயிரிழை போல ஒரு கோடு. அந்த 6 அயர்ன் இப்போது எங்கள் வீட்டில் மாங்காய் பறிக்கும் கோலுக்கு எடை.

முதலியார்பேட்டை பட்டறை:
வெட்டும் அடி பற்றிப் பெரியவர் சொன்னது சரி. என் வாக்கியத்தைத் திரும்பப் பெறுகிறேன். வளைத்த கதையிலும் குற்றம் அந்த லேத் பட்டறையுடையது மட்டுமன்று என்பதைச் சொல்ல வேண்டும். மென்கார்பன் எஃகில் அடித்துச் செய்த அயர்ன்கள் வளைந்து கொடுக்கும். துருப்பிடிக்காத எஃகில் வார்த்தவை கடினமானவை, அவற்றில் ஒன்றிரண்டு டிகிரிக்கு மேல் கேட்பதே ஆபத்து.

ஆனால் ஆசிரியருக்கு எந்த நோய் என்பதை நாம் இருவரும் ஊகித்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை, சோதித்துவிடலாம். அயர்னின் அடிப்பாகத்தில் மின்வயருக்குச் சுற்றும் டேப்பை ஒட்டி, பிளைவுட் பலகை மேலிருந்து பத்துப் பந்துகள் அடியுங்கள். தேய்ந்த தடம் நடுவில் இருந்தால் லை சரி. குதிப்பக்கம் இருந்தால் மட்டை உங்களுக்கு அதிகமாக நிமிர்ந்திருக்கிறது. பிறகு மைதானத்தில் பெயர்ந்த புல் திட்டைப் பாருங்கள். திட்டு இடப்புறம் நோக்கினால் பெரியவர் வென்றார். திட்டு இலக்கை நோக்கியிருந்தும் பந்து இடப்புறம் போயிருந்தால் குறை லையில் இருக்கிறது.

டிரைவர் தலையின் கழுத்தில் திருகு இருக்குமானால், அதைக் கழற்றி லாஃப்டை ஒன்றோ இரண்டோ டிகிரி கூட்டிப் பூட்டுங்கள். லாஃப்டைக் கூட்டும்போது முகமும் சற்று மூடிக்கொள்ளும் என்பதால் வலப்புற வளைவு ஓரளவு குறையும். இதை ஆட்டத்துக்கு முன்பே செய்துவிட வேண்டும். ஆட்டத்தின் நடுவே திருகை மாற்ற விதி இடம் தராது.

தேவனாம்பட்டினம்:
திருகைத் திருப்புவதற்குக் காசு செலவில்லை என்பதால் ஆட்சேபம் இல்லை.

நெல்லிக்குப்பம்:
குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். இத்தனை மட்டைகளைச் சுமந்துகொண்டு பேருந்தில் போவதே எனக்குப் பெரும்பாடாக இருக்கிறது. சென்ற முறை நடத்துநர் பையைத் தட்டிப் பார்த்து, "என்ன வாத்தியம் சார் இது, கச்சேரி எங்கே?" என்று கேட்டுவிட்டு லக்கேஜ் டிக்கெட்டும் கிழித்துவிட்டார். பையில் பதினான்கு மட்டைகள் இருந்தாக வேண்டும் என்பது கட்டாயமா?

முதலியார்பேட்டை பட்டறை:
பதினான்கு என்பது உச்சவரம்பு. அவ்வளவு இருந்தாக வேண்டும் என்பதில்லை. முன்பு சிலர் இருபதுக்கும் மேல் தூக்கி வந்ததால் அமெரிக்காவில் 1938-இலும், ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸில் 1939-இலும் இந்த வரம்பைக் கொண்டுவந்தார்கள். மீறினால் ஒரு குழிக்கு இரண்டு அடி (ஸ்ட்ரோக்) வீதம், ஓர் ஆட்டத்தில் நான்கு அடி வரை அபராதம்.

மெதுவாக வீசும் நாம் அடுத்தடுத்த எண்களை அடித்தால் தூர வித்தியாசமே தெரியாது. டிரைவர், ஒரு ஃபேர்வே வுட் (டிரைவரைவிடச் சிறிய தலை மட்டை), ஒரு ஹைப்ரிட் (வுட்டுக்கும் அயர்னுக்கும் இடைப்பட்டது), 6, 8 அயர்ன்கள், பிட்சிங் வெட்ஜ், சாண்ட் வெட்ஜ், பட்டர் என்று எட்டே போதும். ஆசிரியரும் 4 அயர்னை இப்போதே வீட்டில் வைத்துவிடலாம். அந்த லாஃப்டில் பந்தை எழுப்பும் வேகம் நம்மிடம் இல்லை. சாண்ட் வெட்ஜில் பவுன்ஸ் எண்ணையும் (அடிப்பாகம் தரையில் புதையாமல் தடுக்கும் சாய்வின் டிகிரி) பாருங்கள். அது பதினான்கு என்றிருந்தால் மணலில் நன்றாக மிதக்கும். ஆனால் கோடையில் காய்ந்து இறுகிய தரையில் குதித்துப் பந்தின் நடுவயிற்றில் அடித்துவிடும். எட்டு அல்லது பத்து இருந்தால் நம் தரைக்கு உதவும். பூச்சில்லாத கார்பன் எஃகு வெட்ஜை மட்டும் இந்தக் கடற்காற்றில் வாங்காதீர்கள். ஐப்பசி மழை முடிவதற்குள் மொரமொரவென்று துரு ஏறிவிடும்.

லாஸ்பேட்டை ஆசிரியர்:
சோதனையை முடித்துவிட்டு எழுதுகிறேன். டேப் ஒட்டி 7 அயர்னில் அடித்த பத்தில் எட்டுத் தடங்கள் குதிப்பக்கம் விழுந்தன. ஞாயிற்றுக்கிழமை கிண்டியில் ஒவ்வொரு திட்டின் மேலும் ஒரு மட்டையைக் கிடத்திப் பார்த்தேன். பெரும்பாலானவை கொடியை நோக்கியே இருந்தன. குதிப்பக்கம் ஆழமாகவும் முனைப்பக்கம் மேலோட்டமாகவும் பெயர்ந்திருந்தன. பந்து வழக்கம்போல இடப்புறம்தான். டிரைவரில் லாஃப்டைக் கூட்டியதால் பந்து உயர எழுகிறது. வளைவு குறைந்திருக்கிறது, ஆனால் நிற்கவில்லை.

முதலியார்பேட்டை பட்டறை:
அப்படியானால் அயர்ன்களில் லைதான் குறை. வார்ப்பு எஃகு என்பதால் வளைக்க வேண்டாம். கிரிப் (கைப்பிடி) முனையில் ஷாஃப்டை அரை அங்குலம் வெட்டினால் லை ஏறத்தாழ ஒரு டிகிரி படிந்ததற்குச் சமமாகும். ஆனால் அரை அங்குலம் குறைந்தால் ஸ்விங்வெயிட் (வீசும்போது கை உணரும் தலையின் கனம்) மூன்று புள்ளி இறங்கி, தலை இருக்கிறதா இல்லையா என்றே கைக்குத் தெரியாது. ஒரு புள்ளிக்கு இரண்டு கிராம் என்ற கணக்கில் தலையின் பின்புறம் ஆறு கிராம் ஈயப் பட்டை ஒட்டினால் அது சரியாகும். அந்தக் கிரிப்புகளையும் மாற்ற வேண்டியிருக்கும். கத்திரி வெயிலில் கார் டிக்கியில் கிடந்த ரப்பர் கண்ணாடி போல இறுகிவிடும், தலையை ஒட்டிய எபாக்ஸி பசையும் இளகும். மொத்தச் செலவு சென்னைக்காரர் கேட்டதில் சிறு பங்குதான்.

தேவனாம்பட்டினம்:
சோதனை முடிவை ஏற்கிறேன், வெட்டுவதை ஏற்கவில்லை. அரை அங்குலம் கீழே இறக்கிப் பிடித்தால் அதே பலன் கிடைக்குமே, ரம்பம் எதற்கு? வெட்டிய ஷாஃப்ட் மீண்டும் வளராது. ஏற்கெனவே ஆசிரியருக்கு விறைப்பாக இருக்கும் ஸ்டிஃப் ஷாஃப்டை வெட்டினால் விறைப்பு இன்னும் கூடும் என்பதைத் தம்பி சொல்லாமல் விட்டுவிட்டார்.

முதலியார்பேட்டை பட்டறை:
விறைப்பு கூடும் என்பது உண்மை. அரை அங்குலத்துக்கு மிகச் சிறிதளவே. இறக்கிப் பிடிப்பதும் நல்ல வழிதான், முதல் ஒன்பது குழிகள் வரை. களைத்துப் போன பதினான்காவது குழியில் கை தானாக மேலே ஏறிவிடும். ஏறியதும் உங்களுக்குத் தெரியாது. தவிர, கிரிப் கீழே போகப் போக ஒல்லியாவதால் விரல்கள் கூடுதலாக மூடி மணிக்கட்டு திரும்பும், பந்து மறுபடியும் இடப்புறம் போகும். முதலில் 7 அயர்ன் ஒன்றை மட்டும் வெட்டிப் பார்ப்போம். மற்ற ஆறும் அப்படியே இருக்கட்டும்.

தேவனாம்பட்டினம்:
ஒன்று என்றால் சரி. டிரைவர் வளைவு மட்டும் என் கணக்கில் பாக்கி இருக்கிறது. ஐயா, கடலூர்ப் பக்கம் வந்தால் வலை முன் நின்று ஐம்பது பந்து அடித்துக் காட்டுங்கள். தோள் முந்துகிறதா என்று பக்கத்தில் நின்று பார்த்தால்தான் சொல்ல முடியும். அதிருக்கட்டும், செட்டுக்கு உரியவரைக் கேட்டீர்களா? அடுத்த விடுமுறையில் வந்து மட்டை எங்கே என்பாரே.

லாஸ்பேட்டை ஆசிரியர்:
நேற்றிரவு தொலைபேசியில் கேட்டேன். "அயர்னை எப்படி வேண்டுமானாலும் வெட்டிக்கொள்ளுங்கள் சித்தப்பா, பட்டரில் மட்டும் கை வைக்காதீர்கள், அதை எடுத்துப் போகத்தான் தையில் வருகிறேன்" என்றான். சனிக்கிழமை 7 அயர்னோடு முதலியார்பேட்டைக்கு வருகிறேன். தேவனாம்பட்டினத்துக்கு அடுத்த வாரம், டிரைவரோடு.