மறு: 'சின்கோபேஷன்' – தமிழ்ல என்ன வைக்கலாம்? (போஸா நோவா கட்டுரைக்காக)

எல்லாருக்கும் வணக்கம்,

பிரேசில்ல பிறந்த போஸா நோவா இசை பத்தின நம்ம கட்டுரைக்காக, சின்கோபேஷனுக்கு, அதாவது அடி தாளத்தட்டுல விழாம தட்டுக்கு நடுவுல விழறதுக்கு, தமிழ்ச் சொல் தேடற இந்த இழையில இதுவரைக்கும் வந்த மடல் எல்லாம் படிச்சேன். தாளப்பிறழ்வு, இடையழுத்தம், அநாகதம்னு மூணு சொல் வந்திருக்கு, பேசாம சின்கோபேஷன்னே எழுதிடலாம்னு ஒரு கட்சியும் இருக்கு. எனக்கு நாலுமே ஒத்துவரல. ஏன்னு கொஞ்சம் நீளமாவே சொல்றேன், பொறுத்துக்கோங்க. நாம ஒரே ஒரு சொல்லத் தேடிட்டு இருக்கோம், ஆனா போஸா நோவாவும் ஜாஸும் எங்க சேருது எங்க சேராம நிக்குதுன்னு தமிழ்ல எழுதணும்னா குறைஞ்சது ரெண்டு சொல் வேணும், அந்த ரெண்டையும் ஒரே சொல்லுல அடைச்சா படிக்கிறவங்களுக்கு இசையே தப்பாப் போய்ச் சேரும்.

> போஸா நோவாங்கறதே சாம்பாவுல ஜாஸோட சின்கோபேஷனைக் கலந்ததுதானே?

இல்லைங்க. இது நிறைய இடத்துல இப்படித்தான் எழுதியிருக்காங்க, அதனாலதான் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கு. ஜாஸ்லேருந்து வந்தது கார்டு, அதாவது ஸ்வரங்களை அடுக்குற முறை. 1940கள் கடைசியிலயும் 50கள்லயும் ரியோ டி ஜனேரோ பசங்க அமெரிக்க ரெக்கார்டுகளை விழுந்து விழுந்து கேட்டாங்க, 1949ல சினாட்ராவுக்கும் அவங்க ஊர்ப் பாடகர் டிக் ஃபார்னிக்கும் சேர்த்து ஒரு ரசிகர் மன்றமே அங்க இருந்துச்சு. ஜானி ஆல்ஃப் ரியோவோட கோபகபானா பகுதியில ஒரு பார்ல பியானோ வாசிக்கறதைக் கேக்கவே இளசுங்க போய் உக்காருவாங்க. 1955ல ஜூலி லண்டன் பாடின ஒரு ஆல்பத்துல பார்னி கெஸல் வாசிச்ச கிட்டார் கார்டுகளை அங்க இருந்த கிட்டார் பசங்க காதாலயே படிச்சாங்க. போஸா நோவா பாட்டுகளுக்கு மெட்டுப் போட்ட டாம் ஜோபிமுக்கு இதோட டெபுஸ்ஸி, வில்லா-லோபோஸ்ங்கற செவ்விசைக்காரங்களும் சேர்ந்து உள்ள இருந்தாங்க. அதெல்லாம் சரி. ஆனா தாளம் அவங்க வீட்டு சரக்கு, சாம்பாங்கற பிரேசில் ஆட்ட இசையோடது. சாம்பா கோஷ்டியில சுர்துன்னு பெரிய மேளம் ஒண்ணு தட்டை நிலையாப் பிடிச்சுக்கும், தம்போரிம்னு உள்ளங்கை அளவு சின்ன வாத்தியம் ஒண்ணு அந்தத் தட்டுக்கு நடுநடுவுல விழுந்துக்கிட்டே இருக்கும். கிட்டாரும் வாசிச்சுப் பாடின ஜுவாவ் ஜில்பெர்ட்டோ பண்ணினது, அந்த ரெண்டையும் ஒரே கிட்டாருக்குள்ள கொண்டு வந்தது. கட்டைவிரல் சுர்து, மத்த மூணு விரல் தம்போரிம். 1958ல பாடகி எலிசெத் கார்டோசோவோட ஆல்பத்துல ரெண்டு பாட்டுக்கு அவர் கிட்டார் வாசிச்சப்பதான் அது முதல்முதலா ரெக்கார்டுல ஏறுச்சு, அதே வருஷம் ஜில்பெர்ட்டோவே பாடின இசைத்தட்டும் வந்துருச்சு.

இப்ப ஒரு காரியம் பண்ணுங்க, வாசிக்கும்போதே கையால போட்டுப் பாருங்க. தகதிமி நாலு தடவை, மொத்தம் பதினாறு எழுத்து. ஒவ்வொரு 'த'வுக்கும் இடது கையால தொடையில ஒரு தட்டு, அது கட்டைவிரல். வலது கை விரல் மேஜையில எங்க விழணும்னா: முதல் தகதிமியில 'த', அப்புறம் 'மி', ரெண்டாவதுல 'தி', மூணாவதுலயும் 'தி', நாலாவதுல 'க'. அஞ்சு அடி. அதுல முதல் அடி ஒண்ணுதான் இடது கையோட சேர்ந்து விழுது, மீதி நாலும் தட்டுக்கு நடுவுல போய் உக்காருது. நடுவுல இருக்கற தூரத்தை எண்ணினா மூணு, மூணு, நாலு, மூணு, மூணு. அமெரிக்காவுல டிரம்ஸ் சொல்லிக்கொடுக்கிற புத்தகங்கள்ல போஸா நோவான்னு ஸ்நேர்ங்கற டிரம்மோட விளிம்புல தட்டச் சொல்றது இதைத்தான். ஜில்பெர்ட்டோ இதை இப்படியே வரிக்கு வரி திருப்பி வாசிக்க மாட்டார், பாட்டோட சொல்லுக்கு ஏத்த மாதிரி மாத்திக்கிட்டே போவார், ஆனா எலும்பு இதுதான். இதை ரெண்டு நிமிஷம் விடாம போட்டவங்களுக்கு நான் அடுத்து சொல்லப்போறது தானாவே புரியும்.

> தாளப்பிறழ்வு நல்ல தமிழ், உடனே புரியுது

புரியுதுங்கறதை ஒத்துக்கறேன், ஆனா தப்பாப் புரியுது. பிறழ்வுன்னா ஒரு ஒழுங்கு இருந்து அதுலேருந்து வழுக்கினது. மேஜையில இப்ப போட்டீங்களே, அதுல எது வழுக்குச்சு? அந்த அஞ்சு அடிதான் அங்க ஒழுங்கே. கார்லோஸ் சந்த்ரோனின்னு பிரேசில் இசை ஆய்வாளர் ஒருத்தர், சாம்பாவோட தாளம் 1917லேருந்து 1933 வரைக்கும் எப்படி மாறுச்சுன்னு ஆராய்ஞ்சவர், சின்கோபேஷன்ங்கற சொல்லு மேலேயே இந்தக் குறையைத்தான் வைக்கறார்: ஐரோப்பியக் காதுக்கு எது வழக்கமோ அதை அளவா வச்சு மத்ததை விலகல்னு பேரு வச்சுட்டாங்க, ஆப்பிரிக்க வழியில வந்த இசையில தட்டுக்கு நடுவுல விழறதுதான் அன்றாடப் பழக்கம். அவங்க மொழியில இருக்கிற கோணலைப் புதுசா சொல் செய்யிற நாம ஏன் தூக்கிச் சுமக்கணும்? நமக்கு இன்னிக்கு இந்தச் சொல் இல்லைங்கறது ஒரு வாய்ப்பு, நல்லபடியா செய்யலாம்.

இடையழுத்தம் எனக்கு ரொம்பப் பிடிச்சிருந்தது, 'இடை' சரியான இடத்தைக் காட்டுது. ஆனா அழுத்தம்? ஜில்பெர்ட்டோ கிட்டார்ல எங்கயும் அழுத்தம் கிடையாது, எல்லா கார்டையும் ஒரே மெதுவாப் பறிக்கறார், குரலும் பேசற அளவுக்கு மேல ஏறாது, கமகமோ அசைவோ இல்லாம நேரா வரும். அடி நடுவுல விழுது, அவ்ளோதான், யாரும் அழுத்தல. ராக்குக்கோ ஃபங்குக்கோ இடையழுத்தம் பொருந்தலாம், எந்த இசைக்காக இந்த இழையே ஆரம்பிச்சுதோ அதுக்குப் பொருந்தாது.

அநாகதம் பத்தி. கர்நாடக இசையில அதீதம், அநாகதம் ரெண்டும் எடுப்பைப் பத்தின சொல், பாட்டு தாளம் தொடங்கறதுக்கு முன்னாடி ஆரம்பிக்குதா பின்னாடி ஆரம்பிக்குதாங்கறது. அரை இடம் தள்ளி எடுத்துட்டு அப்புறம் முழுக்க தட்டோட நேரா போகலாம், அதுல சின்கோபேஷன் இருக்கணும்னு கட்டாயம் இல்ல. அதனால அந்தச் சொல்லை இங்க இழுக்காம இருக்கறது நல்லது. ஆனா அநாகதம்னு மடல் எழுதின ஐயா கவனிச்ச விஷயம் அருமையானது: ஜில்பெர்ட்டோ குரல் கிட்டாரை விட்டு முந்தும், சில சமயம் ஒரு முழு வரியே பிந்தி வந்து கடைசிச் சொல்லுல சேர்ந்துக்கும். அதை 'முந்தியும் பிந்தியும் பாடறார்'னு நேரா எழுதினாலே போதும், கலைச்சொல் வேண்டாம்.

சரி, என் முன்மொழிவு: இடையடி.

அடிங்கற சொல் நம்ம தாள உலகத்துல உயிரோட இருக்கு. பறையில சாமியாட்டத்துக்கு ஒரு அடி, சாவுக்கு ஒரு அடி, கல்யாணத்துக்கு ஒரு அடின்னுதானே சொல்றாங்க, ஒரு முழுத் தாளக்கட்டுக்கே அடின்னு பேர். ஜில்பெர்ட்டோ கண்டுபிடிச்ச அந்தக் கிட்டார் வாசிப்புக்கு பிரேசில்ல பத்தீதா, அதுவும் அடிக்கிறதுங்கற வினையிலேருந்து வந்த பேர்தான். ஆக பத்தீதாவை 'போஸா அடி'ன்னு எழுதலாம், அதுக்குள்ள இருக்கற ஒவ்வொரு நடுவிழுகையும் இடையடி. யாப்புல செய்யுளோட நடு அடியை இடையடின்னு சொல்றது உண்டே, குழப்பம் வராதான்னு கேப்பீங்க. தாளம் பத்தின பத்தியில யாரும் செய்யுள் வரின்னு எடுத்துக்க மாட்டாங்கன்னு நினைக்கறேன், அந்தப் பொருளோட புழக்கமும் சின்னது. இடைத்தட்டுன்னும் யோசிச்சேன், ஆனா தட்டுங்கறது தாளத்தை எண்ற கை, எண்ற இடத்துக்கு வெளியில விழறதுக்குப் போய் தட்டுன்னு பேரு வைக்க மனசு வரல.

இப்ப ரெண்டாவது சொல், ஜாஸோட ஸ்விங்குக்கு. ஸ்விங்கையும் சின்கோபேஷனையும் இங்க ரெண்டு மூணு பேர் மாத்தி மாத்தி எழுதியிருந்தாங்க, ரெண்டும் வேற வேற. ஸ்விங்ல தட்டை சமமா ரெண்டாப் பிரிக்க மாட்டாங்க, முதல் பாதி நீளம் ரெண்டாம் பாதி குட்டை, மெதுவான பாட்டுல கிட்டத்தட்ட தட்டை மூணாப் பிரிக்கற திஸ்ரத்துல ரெண்டும் ஒண்ணும் மாதிரி இருக்கும், வேகம் ஏற ஏற சமத்துக்கு நெருங்கும். இது அடி எங்க விழுதுங்கறது பத்தின விஷயமே கிடையாது, தட்டு உள்ளுக்குள்ள எப்படிப் பிரியுதுங்கறது. நம்ம ஊர்ல அதுக்கு நடைன்னு சொல் தயாரா இருக்கு, சதுஸ்ர நடை திஸ்ர நடைன்னு தினம் சொல்றோம். அதனால ஸ்விங்குக்கு சாய்நடை, ஒரே சீரா பிரியறதுக்கு நேர்நடை. போஸா நோவா நேர்நடையில ஓடற இடையடி. ஜாஸ்லயும் இடையடி நிறைய உண்டு, ஆனா அதுக்குக் கீழ ஓடற நடை சாய்நடை. இந்த ஒரு வரி தமிழ்ல எழுத முடிஞ்சா பாதிக் கட்டுரை முடிஞ்சது.

ஒரு எச்சரிக்கை, நேர்நடைன்னு சொன்னதால பிரேசில்காரங்க கணக்குப் போட்ட மாதிரி சமமா வாசிக்கறாங்கன்னு எழுதிடாதீங்க. பந்தெய்ரு, கன்ஸாங்கற சாம்பா தாள வாத்தியங்களை வாசிக்கும்போது அந்த தகதிமி நாலு எழுத்துலயும் ஒரு ஆட்டம் இருக்கும், அதுக்கு அவங்க பலான்ஸுன்னு சொல்வாங்க. அது ஜாஸோட சாய்வு கிடையாது. அதுக்குத் தமிழ்ச் சொல் தேடாம பலான்ஸுன்னே விட்டுடலாங்கறது என் கருத்து, அந்த ஊருக்கே உரிய குணம், பேரும் அந்த ஊருதாவே இருக்கட்டும்.

சொல் வேலை செய்யுதான்னு பாக்க ரெண்டு உதாரணம். ஜோபிமும் நியூட்டன் மென்டோன்சாவும் எழுதின ஒத்தை ஸ்வர சாம்பா இருக்கே, ஆரம்பப் பகுதியில மெட்டு ஒரே ஸ்வரத்துல நிக்கும், கீழ கார்டு மட்டும் படிப்படியா இறங்கிக்கிட்டே போகும். அங்க மெட்டே நகராததால இடையடியைத் தவிர குரலுக்குச் செய்ய வேற வேலை இல்ல, சாம்பா குடுத்த இடையடியும் ஜாஸ் பக்கம் சாய்ஞ்ச கார்டும் தனித்தனியா காதுல விழும். சொல்லிக்கொடுக்க இதைவிட நல்ல பாட்டு எனக்குத் தெரியாது.

இன்னொண்ணு ஸ்டான் கெட்ஸ், அமெரிக்க ஜாஸ் சாக்ஸபோன்காரர். 1962 பிப்ரவரியில வாஷிங்டன்ல ஒரு சர்ச்சுல கிட்டார்காரர் சார்லி பேர்டோட ஒரே நாள்ல பதிவு பண்ணின ஆல்பம் அமெரிக்காவுல முதலிடத்துக்கே போச்சு, அங்க போஸா நோவா பைத்தியம் பிடிச்சது அதோடதான். ஆனா அதுல தாளம் போட்டவங்க அமெரிக்கர்கள். அடுத்த வருஷம் மார்ச்சுல நியூயார்க்ல ஜில்பெர்ட்டோ, ஜோபிம், டிரம்ஸுக்கு மில்டன் பனானா, பாடறதுக்கு அஸ்ட்ருட் எல்லாரும் கெட்ஸோட சேர்ந்து பதிவு பண்ணினதையும் பக்கத்துல வச்சுக் கேளுங்க. பின்னாடி நேர்நடை ஆடாம அசையாம ஓடுது, அதுக்கு மேல கெட்ஸோட சாக்ஸபோன் வரி என் காதுக்குக் கொஞ்சம் சாயுது, தட்டுக்குப் பின்னாடி தயங்கி வருது. கிட்டார் அவருக்காக சாய்ஞ்சு குடுக்கல, அவரும் முழுசா நேராகல. ரெண்டு இசையும் சந்திச்ச இடம் அதுதான்னு நான் நினைக்கறேன், அதை இந்த ரெண்டு சொல்லும் இல்லாம தமிழ்ல எழுதவே முடியாது.

ரியோவுலயே எதிர்த்திசையிலும் நடந்துச்சு. கோபகபானாவுல புட்டிச் சந்துன்னு ஒரு சந்து, கிளப் சத்தம் தாங்காம மாடியில இருந்தவங்க புட்டியைத் தூக்கி எறிஞ்சதால வந்த பேர். அங்க வாசிச்ச டிரம்மர் எடிசன் மஷாதோ சாம்பா இடையடியை டிரம்ஸ்ல சிம்பலுக்கு மாத்தினார், ஜாஸ் டிரம்மர் நடை பிடிக்கற அதே சிம்பல். அந்தக் கூட்டத்தோட இசைக்கு சாம்பா-ஜாஸ்னு தனிப் பேரே இருக்கு, மெதுவா வாசிக்கற போஸாவை விட நல்ல உரப்பு. ஜாஸ் செல்வாக்கு சாம்பாவோட ஆட்டத்தைக் கெடுக்குதுன்னு போஸா நோவாக்காரர் கார்லோஸ் லீரா பாட்டே எழுதினார், அந்தப் பாட்டோட கார்டுலயே ஜாஸ் இருக்கு. கட்டுரையில இந்தப் பகுதி இப்ப ரெண்டு வரிதான் இருக்கு, கூட்டணும்.

பறையோ மிருதங்கமோ வாசிக்கறவங்க குழுவுல இருக்கீங்க, இடையடிங்கறதை நீங்க ஏற்கெனவே வேற எதுக்காவது சொல்றீங்களான்னு எழுதுங்க. அப்படி இருந்தா நான் விட்டுக்கொடுக்கறேன். பிறழ்வு மட்டும் வேண்டாம்.