பெர்ம் சம்பளமும் டபிள்யூ-2-ம் ஒத்துப்போகாவிட்டால் கிரீன் கார்டு போச்சா?

டிராய் சிவா:
நேற்று எங்கள் டெட்ராய்ட் பக்கத்து வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் போட்ட செய்தியால் என் மனைவி இரவெல்லாம் தூங்கவில்லை. "டபிள்யூ-2-வில் பாக்ஸ் 1 தொகை பெர்ம் சம்பளத்தை விடக் குறைந்தால் ஐ-140 நிராகரிப்பு நிச்சயம்" என்று அடித்துச் சொல்கிறார். தெரியாதவர்களுக்கு: டபிள்யூ-2 என்பது கம்பெனி ஆண்டுதோறும் தரும் சம்பளத் தாள், பாக்ஸ் 1 அதில் வருமான வரிக்கான சம்பளம். பெர்ம் என்பது கிரீன் கார்டுக்காகக் கம்பெனி தொழிலாளர் துறையிடம் வாங்கும் சான்று, ஐ-140 அதன் பிறகு கம்பெனி போடும் மனு. எந்த விதி என்று கேட்டால் பதில் இல்லை.

என் கணக்கைச் சொல்கிறேன். பெர்மில் 1,20,000 டாலர். இப்போது வாங்குவது 1,08,000. 401கே ஓய்வுக்காலச் சேமிப்புக்கு 10,000, மருத்துவக் காப்பீட்டுக்கு 4,600 பிடித்தது போக பாக்ஸ் 1-ல் 93,400 நிற்கிறது. கிரீன் கார்டு மனு எதிர்கால வேலைக்கானது. கார்டு வந்த பிறகு தர வேண்டிய சம்பளம்தான் அந்த 1,20,000. இன்றே தந்தாக வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. தெரியாமல் பேசி ஏன் குடும்பங்களைப் பயமுறுத்துகிறீர்கள்?

நோவை முத்துவேல்:
போட்டவன் நான்தான், பெயரைச் சொல்லியே கேட்டிருக்கலாம். 1,20,000 எங்கே, 93,400 எங்கே? 26,600 டாலர் குறைகிறது. அதிகாரி உங்கள் எதிர்காலத்தைப் பார்ப்பாரா, கையில் இருக்கும் தாளைப் பார்ப்பாரா? 2018-ல் எனக்கு ஆர்.எஃப்.இ., அதாவது கூடுதல் ஆதாரம் கேட்கும் கடிதம், வந்தது. கேட்டது டபிள்யூ-2. பார்த்தது பாக்ஸ் 1. பட்டவன் சொல்கிறேன்.

டிராய் சிவா:
அந்த ஆர்.எஃப்.இ.க்குப் பிறகு உங்கள் 140 நிராகரிக்கப்பட்டதா, அங்கீகரிக்கப்பட்டதா? அதை ஏன் சொல்லவில்லை?

குடியேற்ற விதி 204.5(ஜி)(2) என்ன சொல்கிறது? பிரையாரிட்டி தேதியிலிருந்து, அதாவது பெர்ம் விண்ணப்பம் போட்ட நாளிலிருந்து, கார்டு கிடைக்கும் வரை அந்தச் சம்பளத்தைத் தரும் சக்தி கம்பெனிக்கு இருக்கிறது என்று காட்ட வேண்டும். சக்தி என்றுதான் இருக்கிறது. 2004-ல் குடியேற்றத் துறை அதிகாரி யேட்ஸ் எழுதிய மெமோவைப் படியுங்கள். நிகர லாபம் போதுமானதாக இருந்தாலும் சரி, நிகர நடப்புச் சொத்து (நடப்புச் சொத்தில் நடப்புக் கடன் போக மீதி) போதுமானதாக இருந்தாலும் சரி, முழுச் சம்பளமும் ஏற்கெனவே தந்து வந்தாலும் சரி, மூன்றில் ஒன்று போதும்.

பிளேனோ கவிதா:
இருவருமே ஒரு நிமிடம் நில்லுங்கள். மூன்று சம்பளத்தைப் போட்டுக் குழப்புகிறீர்கள். பெர்மில் தருவதாகச் சொன்னது ஒன்று. எச்-1பி வேலை விசாவுக்கு எல்.சி.ஏ.வில், அதாவது கம்பெனி தொழிலாளர் துறைக்குத் தரும் சம்பள உறுதிப் படிவத்தில், எழுதியது இன்னொன்று. கையில் வந்தது மூன்றாவது. எல்.சி.ஏ. சம்பளத்துக்குக் கீழே போனால்தான் இன்றைக்கே விதிமீறல். சிவா சார், உங்கள் எல்.சி.ஏ.வில் எவ்வளவு?

நோவை முத்துவேல்:
எல்.சி.ஏ. எதற்கு மேடம் இங்கே? நான் கேட்டது பாக்ஸ் 1. என் 140 பாஸானது, ஆமாம். ஐந்து மாதம் இழுத்தடித்து, வக்கீலுக்குத் தனியாகக் காசு அழுது பாஸானது. அந்த ஐந்து மாதம் என் வீட்டில் யார் தூங்கினார்கள்?

டிராய் சிவா:
பாஸானது! எல்லாரும் பார்த்துக்கொள்ளுங்கள். "நிராகரிப்பு நிச்சயம்" என்று எழுதியவருக்கே பாஸாகியிருக்கிறது.

அப்புறம், பாக்ஸ் 1 என்று பிடித்துத் தொங்குகிறீர்களே, அது வருமான வரிக்கான தொகை. 401கே போட்டால் அது குறையும். பாக்ஸ் 5-ஐப் பாருங்கள், அதில் 401கே கழியாது. எனக்கு அங்கே 1,03,400 இருக்கிறது. வித்தியாசம் 16,600தான். நான் ஓய்வுக்காலத்துக்குச் சேமித்தால் என் கம்பெனிக்குச் சம்பளம் தரச் சக்தி இல்லை என்று ஆகிவிடுமா?

சன்னிவேல் ரகு:
சிவா, 16,600 ஆனாலும் குறைவு குறைவுதானே. உங்களுடையது சின்ன கன்சல்டிங் கம்பெனி என்று போன வாரம் நீங்களே சொன்னீர்கள். நூறு பேரோ அதற்கு மேலோ இருந்தால் நிதி அதிகாரி கடிதம் போதும் என்று ஏற்றுக்கொள்வதுண்டு. உங்களுக்கு அது இல்லை. கம்பெனியின் வரித்தாள் கேட்பார்கள். அதே கம்பெனி இன்னும் பத்துப் பேருக்கு 140 போட்டிருந்தால் அத்தனை பேரின் வித்தியாசத்தையும் கூட்டித்தான் காட்ட வேண்டும். சின்ன கம்பெனிக்காரர்கள் மாட்டுவது அங்கேதான்.

நோவை முத்துவேல்:
அப்படிக் கேளுங்கள் ரகு! பாக்ஸ் 1-ல் முழுத்தொகை இருந்தால் இந்த வரித்தாள் தலைவலியே வந்திருக்காது. அதைத்தான் நான் முதலிலிருந்தே சொல்கிறேன்.

டிராய் சிவா:
முதலிலிருந்து நீங்கள் சொன்னது "நிராகரிப்பு நிச்சயம்". இப்போது பேச்சை மாற்றாதீர்கள்.

ரகு, சின்ன கம்பெனி என்றால் திருட்டுக் கம்பெனியா? பெரிய கம்பெனியில் இருப்பதால் எங்களைக் கீழே வைத்துப் பேச வேண்டாம். என் முதலாளி ஒரு நாள்கூட என்னை வேலை தராமல் பெஞ்சில் வைத்துச் சம்பளத்தை வெட்டியதில்லை. பெர்ம் செலவில் ஒரு டாலர் என்னிடம் வாங்கியதில்லை. 2007-லிருந்து அதைத் தொழிலாளியிடம் வாங்கக் கூடாது என்பதே விதி. பெரிய பெயர் வைத்துக்கொண்டு அதைச் சம்பளத்தில் பிடித்தவர்களையும் பார்த்திருக்கிறேன்.

பழைய ஜூலைக்காரன்:
2007 ஜூலையில் கிட்டத்தட்ட எல்லாத் தேதியும் கரண்ட் ஆகி, வரிசையில் காத்திருக்காமல் போடலாம் என்றானபோது 485 என்ற கிரீன் கார்டு விண்ணப்பத்தைப் போட்டவன் நான். என்னிடம் பாக்ஸ் 1, பாக்ஸ் 5 என்று யாரும் கேட்கவில்லை தம்பிகளா. கார்டு வந்துவிட்டது. வீணாகப் பயப்படுகிறீர்கள்.

சன்னிவேல் ரகு:
ஐயா, உங்களுக்கு அந்த ஒரு மாதம் கதவு திறந்தது. எங்களுக்கு ஒரு நாட்டுக்கு 7 சதவீத கிரீன் கார்டுதான் என்ற பூட்டு இன்னும் தொங்குகிறது. உள்ளே போனவர்கள் வெளியே நிற்பவர்களுக்கு தைரியம் சொல்ல வேண்டாம்.

பழைய ஜூலைக்காரன்:
பெரியவர் சொன்னால் கேட்கும் பழக்கமே போய்விட்டது. அந்த ஜூலை 2-ஆம் தேதி கதவை மூடினார்கள், 17-ஆம் தேதிதான் மறுபடி திறந்தார்கள். இடையில் இருந்த பதினைந்து நாளும் நாங்கள் பட்ட பாடு உங்களுக்குத் தெரியுமா?

பிளேனோ கவிதா:
நான் கேட்டதற்கு இன்னும் பதில் வரவில்லை. எல்.சி.ஏ.வில் எவ்வளவு?

நோவை முத்துவேல்:
சிவாவிடம் கணக்குக் கேட்டுப் பதில் வராது மேடம். பொங்கல் விழாச் செலவுக்கே மூன்று மாதம் கழித்துத்தான் ரசீது வந்தது.

டிராய் சிவா:
விழாக் கணக்கை இங்கே இழுக்கிறீர்களா? கூட்டத்தில் எல்லார் முன்னாலும் ரசீதை வைத்தேன், நீங்கள் சாப்பிடப் போய்விட்டீர்கள். 140-க்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?

மறுபடி சொல்கிறேன். எதிர்கால வேலை. எதிர்காலச் சம்பளம். நாளைக்குக் கம்பெனியிடம் 1120 வரிப் படிவத்தைக் கேட்கப் போகிறேன். 28-ஆவது வரியில் என்ன லாபம் இருக்கிறது, அதிலேயே சொத்து-கடன் பட்டியலான ஷெட்யூல் எல்-இல் நிகர நடப்புச் சொத்து எவ்வளவு என்று பார்த்துவிட்டு இங்கேயே எழுதுகிறேன். 16,600-க்கு மேல் இருந்தால் முத்துவேல் அந்த வாட்ஸ்அப் செய்தியை நீக்க வேண்டும்.

நோவை முத்துவேல்:
16,600 இல்லை, 26,600. பாக்ஸ் 1. நீக்க மாட்டேன்.